பாலத்தடியில் பிரித்த தையல்

போன மாதம் பாடசாலை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். என் வயதுக்காரர்கள் எல்லாரும் முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகளில்தான் இருந்தோம். மேடையில் பேசியவர் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், இப்போது ஓய்வு பெற்ற உத்தியோகத்தர். “அந்தக் காலத்தில அரிசியை ஒருத்தனும் பதுக்க ஏலாது. வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் இல்ல. உள்ளதை எல்லாரும் சமமாப் பங்கிட்டுச் சாப்பிட்டம். அந்தச் சட்டம் திரும்ப வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, “தட்டு கா, உன்னைத்தான் பாக்கிறார்” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பங்கிட்டுச் சாப்பிட்டோமாம். எதைப் பங்கிட்டோம்? மரவள்ளிக் கிழங்கையா? ஒரு இறாத்தல் கோதுமைப் பாணுக்காகக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நின்று கால் கடுத்ததை நீங்கள் எல்லாரும் எப்படி இவ்வளவு சுலபமாக மறந்தீர்கள்? சின்ன வயதில் நடந்தது என்பதற்காகவே அது நல்லதாகிவிடுமா? மேடையில் நின்றவரை நான் குற்றம் சொல்லவில்லை, அவர் சம்பளம் எடுத்த வீட்டுப் பிள்ளை. கை தட்டிய உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் தாய்மாரும் என் தாயைப்போல உடுப்புக்குள் அரிசியை ஒளித்துக்கொண்டு திருடிகள் மாதிரித்தானே பஸ் ஏறினார்கள்.

எழுபதுகளில், நான் பெரிய பிள்ளையாகாத காலம் அது. ஒரு முன்மாரி வெள்ளாமையும் அதற்குப் பின்னால் வந்த வெயிலும்தான் நான் சொல்லப்போவது.

எங்கள் வயல் சித்தாண்டிக்கு மேற்கே உள்ள வட்டையில் இருந்தது. நம்மூர் வழக்கப்படி வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாக வருகிறவை. அந்த வயலும் அம்மாவுடையது. உறுதியில் அம்மாவின் பெயர்தான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பாவின் வயல் என்றுதான் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. அந்த வயலில் விளைந்ததை வைத்து அம்மா தனக்கென்று ஒரு பொருளை ஆசைப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அது ஒரு தையல் மெசின், கையால் சுற்றுகிற வகை. கறுத்த உடம்பில் மஞ்சள் பூ வரைந்து, மேலே கூனல் மூடி போட்டிருக்கும். ஓட்டமாவடியில் ஒரு முஸ்லிம் உம்மாவின் வீட்டில் அது இருந்தது. அந்த உம்மாவின் புருசன் முன்பு சைக்கிளில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு நம்மூருக்கு வருவார். வெளிநாட்டுத் துணி நின்றதோடு அவருடைய வியாபாரமும் படுத்துவிட்டது. வீடு நிறையப் பிள்ளைகள், கூப்பன் அரிசி ஒரு கிழமைக்குக் காணாது. கடைகளில் புது மெசின் கிடையாது, இறக்குமதியை நிற்பாட்டியிருந்தார்கள். அம்மா கேள்விப்பட்ட வரையில் விற்கக்கூடிய மெசின் அந்த ஒன்றுதான்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்தா. மூடியைத் திறந்ததும் எண்ணெய் மணம் வந்தது. அம்மா சக்கரத்தை மெல்லத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினா, ஊசி இறங்கி ஏறியது.

“இதை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைத் தைக்கிற தங்கச்சி? துணியும் இல்ல. புள்ளையள் சோத்துக்கு அழுவுதுகள்” என்றா உம்மா.

“நான் பழஞ்சீலை வெட்டித் தைப்பன். மாச் சாக்குத் துணியிலயும் பாவாடை தைக்கலாம் ராத்தா. வெள்ளாமை வெட்டினா எனக்கு நெல்லு வரும். அரிசியாக் குத்தித் தாறன். வேற ஆருக்கும் குடுத்திராதீங்க.”

“ஒனக்குத்தான். அல்லாட காவலா ஒனக்குத்தான்.”

எத்தனை மரைக்கால் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் சந்தோசம். கடதாசி கிடையாது, சாட்சி கிடையாது. நானும் முற்றத்தில் ஒரு கோழியும்தான் நின்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தா. நம்மூர்ப் பெண்டுகள் சட்டைக்கு அளவு கொடுக்க வாழைச்சேனைத் தையல்காரனுக்கு முன்னால் போய்க் கூனிக் குறுகி நிற்கத் தேவையில்லையாம். யாருக்கு முதலில் தைப்பது, எந்தப் பழஞ்சீலையை வெட்டுவது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அம்மா அவ்வளவு பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அந்த வருசம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பூச்சி விழுந்தது. வெட்டிக் களவெட்டிக்குக் கொண்டு வந்தபோது பாதிக்குப் பாதி பதர். களவெட்டி என்றால் சூடு மிதிக்கிற களம். அங்கே பேசுகிற பேச்சே வேறு என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும். இல்லை, குறைவு, முடிந்தது என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. பூதம் பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டு நிற்குமாம். குறைவு என்று கேட்டால் உள்ளதையும் அள்ளிக்கொண்டு போய்விடுமாம். பெண்கள் களவெட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. சோறு கொண்டு போனால் வரம்பில் வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

நானும் அம்மாவும் அப்படி வரம்பில் நின்ற ஒரு பின்னேரம் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர். வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்ச நெல்லையெல்லாம் சங்கத்துக்கே அளக்க வேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்த நேரம். யார் எவ்வளவு அளக்க வேண்டும் என்று தீர்மானிக்க அவர் ஒவ்வொரு களமாகப் போய்க்கொண்டிருந்தார். சப்பாத்தோடு களவெட்டிக்குள் ஏறினார். அப்பா அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“விளைச்சல் எப்பிடி?” என்று கேட்டார்.

“நிறையக் கிடக்கு ஐயா” என்றார் அப்பா.

“போன முறையை விடக் கூடவோ?”

“கூடத்தான் ஐயா. நிறைய.”

அப்பாவின் காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு நெல்லையும் பதரையும் பிரித்துத் தெரியாது, அப்பாவின் வாயை நம்பித்தான் வந்திருந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா. நகம் பதிந்தது.

“அம்மா, நீ போய்ச் சொல்லன், பதர் எண்டு.”

“பொம்புளை உள்ள போனா பொலி போயிரும். சத்தம் போடாத.”

காணிக்காரி அவதான். அவவின் நெல்லைப் பற்றித்தான் பேச்சு. கூப்பிடு தூரத்தில் வரம்பில் நின்றுகொண்டு, தன்னுடைய வாழ்க்கையை அப்பா ஒரு சொல்லில் கொடுத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. சட்டத்திடமா, அப்பாவிடமா, பூதத்திடமா, வாயைத் திறக்காத அம்மாவிடமா? எல்லாரிடமும்தான் படுகிறேன்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். அப்பா சொன்ன ‘நிறைய’வுக்குத் தக்க அளவு போட்டுக் கடதாசி வந்தது. அப்பா அரசாங்கக் கந்தோருக்கு ஓடினார். அது களவெட்டிப் பேச்சு, அப்படித்தான் சொல்ல வேண்டும், உண்மையில் பாதி பதர் என்று கெஞ்சினார். உத்தியோகத்தர் சிரித்தாராம். “களத்தில பொய் சொல்லுறனீங்கள் எண்டால் கந்தோரில மட்டும் உண்மையோ சொல்லுவீங்கள்? நான் எதை நம்புறது?” என்று கேட்டாராம். வண்டில் வந்தது, மூட்டைகளை ஏற்றினார்கள். விதை நெல்லிலும் கை வைத்த பிறகுதான் கேட்ட அளவு நிரம்பியது.

ஊரில் அதைப் பற்றி ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. குறைவு என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பாதிப் பேர். களவெட்டியில் எப்படிக் குறைவு என்று சொல்வது, அப்பா செய்தது சரிதான் என்று மீதிப் பேர். கோயில் வீதியில் நின்று அடிபடாத குறை. அந்த ஊர் முழுவதிலும் ஒருவர்கூட, கேட்க அவன் யார் என்று கேட்கவில்லை. இவள் பாடுபட்ட நெல், இவள் காணி, இவள் பசி. இதில் எவ்வளவு, யாருக்கு என்று சொல்ல இன்னொருவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கே அது தோன்ற இத்தனை காலம் எடுத்தது.

அம்மா அழவில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விட்டுவைத்த நெல்லில் கையை வைத்தா. எங்களுக்கு மரவள்ளி அவித்துக் கொடுத்துவிட்டு, நெல்லைக் குத்தி அரிசியாக்கி வைத்தா. ஓட்டமாவடிக்கு எப்படிக் கொண்டு போவது? அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகத் தடை. வழியில் வாவியைக் கடக்கிற பாலத்தடியில் பொலிஸ் காவல் போட்டிருந்தார்கள். ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போன காலம். பஸ் அங்கே நிற்கும், எல்லாரும் இறங்க வேண்டும். கூரான கம்பியால் பைகளைக் குத்திப் பார்ப்பார்கள். அரிசி இருந்தால் அதற்குக் கடத்தல் என்று பெயர். சொந்த அரிசியைச் சொந்தக் கையால் கொண்டு போவது கடத்தலாம்.

அம்மா என் பாவாடையைப் பிரித்து, அடிக்கரையை உள்ளே மடித்து, சுற்றிவரச் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்தா. ஒவ்வொரு அறையிலும் அரிசியைப் போட்டு வாயை மூடித் தைத்தா. கைத்தையல்தான், ஆனால் வெளியே ஒரு இழை தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் காலில் இதமாக அடிக்கும், மெல்லச் சரசரக்கும். சில நடை நாங்கள் அப்படிப் போய் வந்தோம். உம்மா வீட்டில் பாவாடையை அவிழ்த்து, தையலைப் பிரித்து, சுளகில் அரிசியைக் கொட்டுவார்கள். உம்மாவின் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சின்னவன் ஒருவன் பச்சை அரிசியையே அள்ளி வாயில் போட்டான். எனக்கு அப்போது என்ன பெருமை தெரியுமா?

என் மருமகன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பிக்கிறவர். நல்ல பிள்ளை. ஆனால் இந்தப் பேச்சு வந்தால் எனக்கும் அவருக்கும் ஒத்து வராது. “மாமி, பஞ்ச நேரத்தில ஆராவது நிண்டு பங்கிடத்தானே வேணும். விட்டா உள்ளவன் பதுக்குவான், இல்லாதவன் பட்டினி கிடப்பான்” என்பார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அன்றைக்கு யார் பட்டினி கிடந்தது? பாலத்துக்கு அந்தப் பக்கம் உம்மாவின் பிள்ளைகள். அரிசி எங்கே போய்க்கொண்டிருந்தது? அவர்களிடம்தான். பசி இருந்த இடத்தைத் தேடி அரிசி என் காலோடு நடந்து போய்க்கொண்டிருந்தது. அதை அனுப்பியது எந்தக் கந்தோரும் இல்லை. ஒரு மெசின் வேண்டியிருந்த மனுசியும் சோறு வேண்டியிருந்த மனுசியும் தங்களுக்குள் பேசிச் செய்த ஏற்பாடு. இதற்குச் சுதந்திரச் சந்தை, சொத்துரிமை, தாராளவாதம் என்று புத்தகங்களில் பெயர்கள் இருக்கின்றனவாம், மருமகன்தான் சொன்னார். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அதைப் பாலத்தடியில் மறித்தார்கள், நான் அங்கே நின்றேன்.

அன்று வாவியிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்றோம். பெண்கள் எல்லாரும் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை முகத்துக்கே பறந்தது. என் பாவாடை மட்டும் ஆடாமல் நேரே தொங்கியது. அத்தனை நன்றாகத் தைத்த அம்மா காற்றை நினைக்கவில்லை.

பொலிஸ்காரர் முதலில் கடந்து போனார், பிறகு திரும்பி வந்து என் காலையே பார்த்தார். குனிந்து பாவாடைக் கரையைப் பிடிக்கக் கையை நீட்டினார். அம்மா இடையில் வந்து நின்றா.

“புள்ளையில கை வைக்காதீங்க. நான் பிரிக்கிறன்.”

அத்தனை பேருக்கும் முன்னால் நடுறோட்டில் முழங்காலில் குந்தி, தான் போட்ட தையலைத் தானே பல்லால் கடித்துப் பிரித்தா. ஒவ்வொரு அறையாகப் பிரிக்கப் பிரிக்க அரிசி என் பாதத்தில் விழுந்தது. பொலிஸ்காரர் ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். அதில் ஏற்கெனவே பல பேருடைய அரிசி கிடந்தது, வெள்ளையும் சிவப்புமாகக் கலந்து. எனக்கு வெட்கத்தில் மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது.

அம்மா எழுந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டா. “இது என்ட வயல் நெல்லு. நான் குத்தின அரிசி. நாங்க ஆருக்கு என்ன கெடுதி செஞ்சம் ஐயா?”

“எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? மேலிடத்துக் கட்டளை. வழக்குப் போடாம விடுறன், திரும்பிப் போங்க.”

அவர் கெட்டவர் இல்லை. காவல் கொட்டிலில் அவருடைய சாப்பாட்டுப் பார்சல் திறந்து கிடந்தது, அதிலும் அவித்த மரவள்ளிதான். அதை நினைக்க எனக்குக் கோபம் குறையவில்லை, கூடுகிறது. அரிசிச் சாக்குக்குக் காவல் இருந்தவனும் கிழங்கைத் தின்றான் என்றால் அந்தச் சட்டத்தால் யார்தான் சோறு சாப்பிட்டது?

அதன் பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தானும் கொஞ்ச நாள் போகவில்லை. பிறகு ஒரு நாள் வெறுங்கையோடு போனா. கல்குடாக் கரையிலிருந்து ஒருவர் கருவாடும் கிழங்கும் கொண்டு வந்து மெசினைக் கேட்டாராம். கருவாட்டைப் பாலத்தால் கொண்டு போகத் தடை இல்லை. உம்மா முடிந்த மட்டும் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பசி பொறுக்காமல் கொடுத்துவிட்டா. அம்மாவைக் கண்டதும் உம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறா. மெசினோடு வந்த பெரிய கத்தரிக்கோலை மட்டும் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தா. “நீ கொண்டந்த அரிசிக்கு இதாச்சும் ஒன்ட கையில இரிக்கட்டும் தங்கச்சி” என்று கொடுத்தாவாம். சட்டம் என்ற ஒன்று கிட்டே வராத இடத்தில் நீதி இருந்தது, பாருங்கள். அந்தக் கத்தரிக்கோல் இன்னும் என்னிடம் இருக்கிறது, சாணை பிடித்தால் இப்போதும் வெட்டும்.

பின்னால் ஆட்சி மாறிக் காவல் எடுபட்டது. கடைகளில் மெசின்கள் வந்து குவிந்தன, அப்பா ஒன்றை வாங்கியும் கொடுத்தார். ஆனால் கூடவே தைத்த சட்டைகளும் வாழைச்சேனைக் கடைகளுக்கு வந்து இறங்கின, நம்மூர்ப் பெண்டுகள் அவற்றைத்தான் வாங்கினார்கள். அம்மாவின் மெசினுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. அதற்காக நான் யாரையும் ஏசமாட்டேன், அம்மாவும் ஏசவில்லை. அவரவர் தமக்குப் பிடித்ததை வாங்கினார்கள். அப்படித் தோற்பதை ஒரு மனுசி தாங்கலாம். அம்மா ஆசைப்பட்ட நேரத்தில், செய்யக்கூடிய வயதில், வழியை மறித்தார்களே, அதை எப்படித் தாங்குவது? சட்டத்தை எடுத்தவர்கள், அது பிழை என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் வந்து சொல்லவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா.

இனி நான் ஏன் இதை இப்போது சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். வயல் இப்போது என் பெயரில். களவெட்டி இல்லை, சூடு மிதிப்பு இல்லை, பெரிய மெசின் ஒன்று வந்து வெட்டி அடித்துச் சாக்கில் கொட்டிவிட்டுப் போகிறது. இந்த முறை அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டு, அரிசி கடையிலிருந்து காணாமல் போய், யார் வீட்டில் நெல் கிடக்கிறது என்று தேடத் தொடங்கிய நேரம் ஒரு உத்தியோகத்தர் வந்தார். சின்னப் பொடியன், வியர்த்து வழிந்துகொண்டு வரம்பில் நின்றான். முந்திக் களவெட்டி இருந்த மேட்டில், மூட்டைகளுக்கு நடுவில் நான் நின்றேன்.

“விளைச்சல் எப்பிடி அம்மா? எவ்வளவு காணும்?”

பக்கத்து வயல்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். குறைத்துச் சொல் என்று அர்த்தம். என் தொண்டைக்குள்ளோ ‘நிறைய’ என்ற சொல் வந்து நின்றது, அது அப்பா போட்ட பழக்கம். இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

“சொல்லமாட்டன் மனே. இது என்ட நெல்லு. விக்கிற அண்டைக்கு வாங்கிற ஆளுக்குச் சொல்லுவன்.”

“கேட்டாச் சொல்லத்தான் வேணும் அம்மா. சட்டம்.”

“அது என்ட அம்மாக்கும் தெரியும். தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அவன் தண்ணீரை வாங்கிக் குடித்தான். மேலிடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனான், வருவான். உங்களில் யாராவது அவன் வருகிற அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நிற்பீர்களா, அல்லது அங்கேயும் கை தட்டுவீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். அவன் போன பிறகுதான் கவனித்தேன், அம்மா கால் வைக்காமல் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த அந்த மேட்டில் நான் ஏறி நின்றிருந்தேன். பக்கத்து வயல்காரர் ஏன் இப்படிக் கத்தினாய் என்று கேட்டார். பூதம் இன்னும் அங்கே நின்றால் அதற்கும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.